பெண்ணைக் கரையில் இரண்டு இரவு

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டுவதற்காக வீட்டில் வாங்கிய ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைக் கடிதத்தோடு வைத்துவிட்டு, பதினாறு வயதுப் பையன் ஒருவன் மதுரை ரயில் நிலையத்துக்கு நடந்தான். அவன் பெயர் வேங்கடராமன். போக வேண்டிய ஊர் திருவண்ணாமலை. வீட்டிலிருந்த பழைய அட்லஸைப் புரட்டிப் பார்த்ததில், அதற்குப் பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம் என்று இருந்தது. இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்கினான். மிச்சம் மூன்று அணா.

அட்லஸ் பழையது என்பதுதான் சிக்கல். விழுப்புரத்திலிருந்து மேற்கே பிரிந்து, பெண்ணையாற்றை ஒட்டிப் போய், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடியைத் தொடும் ரயில் பாதை அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் போடப்பட்டிருந்தது. அது அந்த அட்லஸில் ஏறவில்லை. வண்டியில் உடன் வந்த மௌல்வி ஒருவர்தான் விவரம் சொன்னார்: திண்டிவனம் வரை போக வேண்டாம் தம்பி, விழுப்புரத்தில் இறங்கி மாறு. அவர் சொன்னபடி விடியற்காலை மூன்று மணிக்குப் பையன் விழுப்புரத்தில் இறங்கினான்.

பிற்காலத்தில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்த அந்தப் பையன், விழுப்புரத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையில் ஓர் ஆற்றங்கரை ஊரில் இரண்டு இரவுகள் தங்கினான். அவன் தங்க நினைத்து வந்த ஊர் அல்ல. காசு தீர்ந்துபோனதால் தங்கினான். அந்த இரண்டு இரவுகளின் தடத்தைப் பிடித்துக்கொண்டு இந்த வாரம் நாம் போகப் போவது திருக்கோவிலூருக்கு. சங்க நூல்களின் கோவலூர், தேவாரத்தின் கோவல், ஆழ்வார்களின் திருக்கோவலூர் எல்லாம் இதுவே.

விழுப்புரத்துக்காரர்களிடம் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. வாரக்கடைசியில் இரண்டு நாள் கிடைத்தால் பாண்டிச்சேரிக் கடற்கரை, இல்லாவிட்டால் செஞ்சிக்கோட்டை, பௌர்ணமி என்றால் கிரிவலம். திண்டிவனத்துக்காரர்களுக்கும் இதே வட்டம்தான். கிரிவலத்துக்குப் போகும் பேருந்து பெண்ணையாற்றுப் பாலத்தின் பக்கமாகப் போகும்போது ஜன்னல் வழியே தெரியும் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறோம். விழுப்புரத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில், இரண்டாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்துவரும் ஆற்றங்கரை நகரம் ஒன்று இருக்கிறது. அதில் ஓர் இரவாவது தங்கிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பையனைத் தொடர்வோம். விடிந்ததும் விழுப்புரம் தெருக்களில் அலைந்தான். வழிப்பலகை ஒன்றில் மாம்பழப்பட்டு என்று எழுதியிருந்தது. அது திருவண்ணாமலை போகும் வழியில் உள்ள ஊர் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. பசியோடு ஒரு ஓட்டலுக்குப் போனான். மதியம்தான் சாப்பாடு என்றார்கள். காத்திருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு அணாவை நீட்டினான். கையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று ஓட்டல்காரர் கேட்டார். வழியில் அரை அணா செலவானது போக இரண்டரை அணா என்றான். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அவர். பெயர் தெரியாத அந்த விழுப்புரத்துக்காரரை ரமணரின் வரலாற்றை எழுதியவர்கள் யாரும் மறக்கவில்லை. அந்த இரண்டரை அணாவுக்கு எந்த ஊர் வரை சீட்டுக் கிடைக்குமோ அந்த ஊர் மாம்பழப்பட்டு. அங்கே இறங்கி நடந்தான். பத்து மைல் நடந்த பிறகு, அந்தி நேரத்தில், பாறைமேல் ஒரு கோயில் தெரிந்தது.

அந்தப் பாறை இருக்கும் ஊர் அரகண்டநல்லூர். பழைய பெயர் அறையணிநல்லூர். பெண்ணையின் வடகரை. அங்கிருக்கும் அதுல்யநாதேஸ்வரர் கோயில் ஞானசம்பந்தர் பாடிய தலம். சம்பந்தர் இங்கே நின்றபடி வடக்கே அண்ணாமலையைக் கண்டு வணங்கினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. திருவண்ணாமலைக்குப் புறப்பட்ட பையன் வழியில் முதலில் வந்து சேர்ந்தது அந்த இடத்துக்கே. கதவு திறந்ததும் உள்ளே போய் மண்டபத்தில் உட்கார்ந்தான். கண்ணைக் கூசச் செய்யும் ஒளி ஒன்று கோயிலெங்கும் பரவுவதைக் கண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பூசை முடிந்து குருக்கள் நடையைச் சாத்த வந்தார். சாப்பாடு இல்லை, இரவு தங்கவும் முடியாது, ஆற்றுக்கு அந்தப்பக்கம் கீழூருக்கு வா என்று அழைத்துப் போனார்கள்.

வாசகர்கள் அரகண்டநல்லூரில் அவசரப்படக் கூடாது. கோயிலுக்குக் கீழே அதே பாறையில் குடைவரை ஒன்று இருக்கிறது. பல்லவர் காலத்து வேலை என்று கருதப்படுகிறது, முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. ஊரார் இங்குள்ள அறைகளைப் பாண்டவர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒரு தூணைச் செதுக்கத் தொடங்கி, பாதியில் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போன கல்தச்சரின் கை அங்கே அப்படியே தெரியும். முடிந்த கோயில்களில் காணக் கிடைக்காத காட்சி அது. பாறையின் மேல் ஏறி நின்றால் தெற்கே ஆறு, அதற்கப்பால் திருக்கோவிலூர், இரண்டு பெரிய கோயில்கள், வயல், தென்னை. இந்த ஊரைப் பார்க்கத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

திருக்கோவிலூர் என்ற பெயர் தாங்கிய ரயில் நிலையம் இருப்பதும் இந்த வடகரை அரகண்டநல்லூரில்தான். சுற்றுவட்டார உழவர்கள் நெல்லும் மணிலாவும் கொண்டுவரும் பெரிய ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் இங்கேதான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது திருக்கோவிலூர் அந்தப் பக்கம் போனது. அரகண்டநல்லூர் விழுப்புரத்திலேயே நின்றது. ஒரே ஊரின் இரண்டு கரைகள் இன்று இரண்டு மாவட்டங்கள். நிர்வாகத்துக்கு அது வசதியாக இருக்கலாம். வரலாறு படிக்கிறவர்கள் அந்த எல்லைக்கோட்டை மனதில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒரு கரையை மட்டும் பார்த்தவருக்கு இந்த ஊர் பாதிதான் புரியும்.

இனி தென்கரை, திருக்கோவிலூர். அதன் கீழூர்ப் பகுதியில் ஆற்றை ஒட்டி வீரட்டேஸ்வரர் கோயில். சிவபெருமான் அந்தகாசுரனை அழித்த இடம் என்று போற்றப்படும், எட்டு வீரட்டானங்களில் ஒன்று. அப்பரும் சம்பந்தரும் பாடியது. அறுபத்துமூவரில் ஒருவரான மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊர் இது. சைவ வேடத்தில் ஏட்டுச்சுவடி என்று கத்தியை மறைத்துக் கொண்டுவந்து குத்திய முத்தநாதனை, மெய்க்காவலன் தத்தன் வெட்டப் போனபோது தடுத்து, ஊர் எல்லை வரை பத்திரமாகக் கொண்டுபோய் விடச் சொன்ன அரசன் அவர். இந்த ஊரின் கதைகளில் திரும்பத் திரும்ப ஒன்றைப் பார்க்கிறேன். கொடுப்பது, காப்பது, அதற்காக உயிரையே விடுவது. அதன் வேர் மெய்ப்பொருளாருக்கும் முன்னே போகிறது.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான மலையமான் திருமுடிக்காரியின் ஊர் கோவலூர். அவனுடைய குதிரைக்கும் காரி என்றுதான் பெயர். பெண்ணையாற்றங்கரையும் முள்ளூர் மலையும் அவன் நாடு. மூவேந்தர்களும் அவன் படையுதவிக்காகப் பொருள் கொடுப்பார்கள்; அவன் அதையெல்லாம் பாணர்க்கும் புலவர்க்கும் கொடுத்துவிடுவான். கபிலர் அவனைப் புகழ்ந்ததோடு நிற்கவில்லை, கண்டித்தும் பாடியிருக்கிறார்: எல்லோருக்கும் ஒன்றுபோலக் கொடுப்பது எளிது, புலவரின் தரம் அறிந்து கொடுப்பதே அரிது என்ற பொருளில். ஓர் அரசனின் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல ஒரு புலவருக்கு உரிமை இருந்த காலம் அது. ஆனால் காரி வெறும் வள்ளல் மட்டும் அல்ல. சேரனுக்காகக் கொல்லிமலை வல்வில் ஓரியைக் கொன்றவனும் அவனே. பின்னர் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்து வந்து கோவலூரை வென்றான். அந்த வெற்றியைப் பரணர் பாடினார். மலையமானின் பிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் யானைக்காலில் இடத் துணிந்தபோது, கோவூர்கிழார் குறுக்கே நின்று பாடி அவர்களைக் காப்பாற்றினார். ஆற்றங்கரைச் சிற்றரசர்களுக்கு வாழ்க்கை எளிதாக இருந்ததில்லை.

வீரட்டேஸ்வரர் கோயிலுக்கு அருகே, ஆற்றுக்குள், தனியே நிற்கும் பெரும்பாறை கபிலர் குன்று. உச்சியில் சின்னஞ்சிறு சிவன் கோயில். அது பிற்காலத்துக் கட்டடம். நண்பன் பாரி மாண்ட பிறகு அவன் மகளிரைக் கபிலர் பறம்புமலையிலிருந்து அழைத்துவந்து, பாதுகாப்பான கையில் ஒப்படைத்துவிட்டு, நண்பன் இல்லாத உலகில் வாழ விரும்பாமல் இங்கே உயிர்விட்டார் என்பது இந்தப் பாறையின் கதை. இதைச் சொல்வது ஊர் வழக்கு மட்டும் அல்ல. வீரட்டேஸ்வரர் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்த கல் என்று இதைக் குறிப்பிடுகிறது. புறநானூற்றின் அடிக்குறிப்புகளோ வேறு சொல்கின்றன: மகளிரைப் பார்ப்பாரிடம் ஒப்படைத்தார், கபிலர் வடக்கிருந்தார், அதாவது உண்ணாமல் இருந்து உயிர் நீத்தார். எது சரி? இரண்டுக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. தீயா பட்டினியா என்று தீர்ப்புச் சொல்வதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு புலவரின் மரணத்தை, அது நடந்து ஆயிரம் ஆண்டு கழிந்த பின்னும், ஓர் ஊர் இடம் சுட்டி நினைவில் வைத்திருந்தது. அரசனின் நினைவைக் கல்லில் வெட்டிய ஊர்கள் நிறைய உண்டு. புலவனின் நினைவை வெட்டிய ஊர்கள் எத்தனை?

அதே கல்வெட்டில்தான் இன்னொரு மரணமும் இருக்கிறது. ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்துப் பெண். கணவர் சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தபோது, பால் குடி மறவாத குழந்தையைப் பிரிந்து அவள் உடன்கட்டை ஏறினாள் என்று கல்வெட்டு சொல்கிறது. அவளுடைய பிறந்தவீட்டு நாட்டில், கபிலர் தீப்புகுந்த செய்திக்குப் பக்கத்திலேயே, அவள் தீப்புகுந்த செய்தியையும் பொறித்திருக்கிறார்கள். மகள் குந்தவை தஞ்சைப் பெரிய கோயிலில் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் எடுத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தாள். உடன்கட்டையைப் புகழ எனக்கு மனம் வராது. ஆனால் தாயை இழந்த ஒரு மகள் செய்ததைப் படிக்கும்போது, சோழப் பேரரசின் வெற்றிப் பட்டியல்களில் கிடைக்காத ஒரு வீட்டுத் துயரம் தெரிகிறது. தஞ்சைக்குப் போகிறவர்கள் ராஜராஜனின் அம்மா ஊர் விழுப்புரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கல்வெட்டுகளை நாம் படிக்க முடிவதில் ஒரு ஜெர்மானியருக்கும் பங்கு உண்டு. ஆற்றங்கரை ஊரைப் பற்றிப் பேசும் இந்த வாரம் அவரைச் சொல்லாமல் விட முடியாது. ஓய்கன் ஹூல்ட்ஷ் 1857இல் பிறந்த ஊர் டிரெஸ்டன். எல்பே ஆற்றின் கரையில் அரண்மனைகளும் தேவாலயங்களும் வரிசையாக நிற்கும் பழைய நகரம். ஐரோப்பியர்கள் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் போய்த் தங்கும் ஊர்களில் ஒன்று. 1886இல் ஹூல்ட்ஷ் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக வந்தார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற தொகுதி வரிசையைத் தொடங்கி, முதல் தொகுதியை 1890இல் அச்சேற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலை எடுப்பித்தவன் ராஜராஜன்தான் என்று கல்வெட்டைப் படித்து உறுதிப்படுத்தியவர் அவர். குந்தவை எடுத்த திருமேனிகளின் செய்தி அவர் தொகுதியின் வழியாகத்தான் பொதுவெளிக்கு வந்தது. திருக்கோவிலூர்க் கல்வெட்டுகளையும் அவர் ஆராய்ந்து வெளியிட்டார். 1903இல் ஜெர்மனிக்குத் திரும்பி ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கிருந்தபடி அசோகரின் கல்வெட்டுகள் அனைத்தையும் திருத்தமாகப் பதிப்பித்தார்; அந்தப் பெரும் நூல் 1925இல் வெளியானது. 1927இல் காலமானார்.

அசோகரின் கல்வெட்டில் ஒரு புதிர் இருந்தது. தன் எல்லைக்கு அப்பாலிருந்த தென்னாட்டு அரசுகளை அவர் வரிசையாகச் சொல்கிறார்: சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர். மற்ற மூவரும் தெரிந்தவர்கள். சதியபுத்திரர் யார்? துளுநாட்டார், கொங்கர் என்று ஆளுக்கொரு ஊகம் சொன்னார்கள். அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக இதில் முட்டி மோதினார்கள்.

விடை பெண்ணைக் கரையிலேயே இருந்தது. திருக்கோவிலூருக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஜம்பை கிராமத்தில், தாசிமடம் என்று ஊரார் சொல்லும் இயற்கைக் குகை. 1981இல் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அங்கே ஒற்றை வரித் தமிழ்பிராமி எழுத்தைக் கண்டார்கள். சதியபுதோ என்ற பட்டம் கொண்ட அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பது அதன் பொருள். சங்கப் பாட்டில் கோவலூரை வென்றதாகச் சொல்லப்பட்ட அதே அஞ்சி! ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். அசோகர் தன் கல்லில் குறித்த குலம் எது என்பதை, தன் பெயரோடு சேர்த்து இந்த ஆற்றங்கரைப் பாறையில் வெட்டி வைத்திருந்தான். பாட்டும் கல்லும் அசோகரும் ஓரிடத்தில் வந்து சேர்ந்த அந்த ஒரு வரியை, தமிழக வரலாற்றின் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றாக நான் மதிக்கிறேன். ஹூல்ட்ஷுக்கு அதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. அவர் மறைந்து 54 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜம்பை வரை போகிறவர்கள் ஊர்ச் சிவன் கோயிலையும் பார்த்துவிட்டு வர வேண்டும். அங்கே சோழர் காலக் கல்வெட்டு ஒன்று, என்னால் மறக்க முடியாதது. ஊர் அதிகாரி ஒருவன் ஒரு பெண்ணிடம் வரி கேட்டான். தான் கட்ட வேண்டியதில்லை என்றாள் அவள். அவன் விடாமல் அவளைச் சோதனைக்கு உட்படுத்தினான். அவமானம் தாங்காமல் அவள் நஞ்சுண்டு இறந்தாள். நாற்றிசை மக்களும் கூடி விசாரித்து அவன்மேல் குற்றம் என்று தீர்த்தார்கள். அவன் 32 காசு கொடுத்துக் கோயிலில் விளக்கெரிக்க ஏற்பாடு செய்தான். தண்டனை போதுமா என்று இன்றைக்கு நாம் கேட்போம், கேட்க வேண்டும். ஆனாலும் வரி கேட்டுப் பெண்ணைச் சாகவிட்ட அதிகாரியை நிறுத்தி விசாரித்த சபை இந்தக் கரையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. அவளுடைய சாவு கல்லில் ஏறியிருக்கிறது.

மீண்டும் ஊருக்குள் வருவோம். கீழூரிலிருந்து மேலூர். உலகளந்த பெருமாள் கோயில். 192 அடி என்று சொல்லப்படும் ராஜகோபுரம் தெருவில் தனித்து நிற்கிறது. மழை இரவில் ஓர் இடைகழியில் ஒதுங்கிய பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்து பாடத் தொடங்கிய இடம் இது. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்ற கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் ஊற்றுக்கண் என்று வைணவர்கள் இந்த ஊரைக் கொண்டாடுவது அதனால்தான். மூலவர் ஓங்கி உயர்ந்து ஒரு காலைத் தூக்கி நிற்கிறார்; சங்கு வலக்கையிலும் சக்கரம் இடக்கையிலும் மாறி இருக்கும். பெருமாள் கோயிலுக்குள்ளேயே துர்க்கைக்குச் சந்நிதி உண்டு. 11ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ராஜேந்திர சோழன் காலத்தில், செங்கல்லால் இருந்த பழைய கோயில் தளர்ந்துபோனதால், மிலாடு என்ற மலையமான் நாட்டை ஆண்ட நரசிங்கவர்மன் அதைக் கருங்கல்லால் திருப்பணி செய்தான் என்று கல்வெட்டு கூறுகிறது. அவனும் மலையமான் நாட்டு மரபினனே. காரியிலிருந்து நரசிங்கவர்மன் வரை ஆயிரம் ஆண்டு இடைவெளி. சோழர் மேலே வந்தார்கள், பல்லவர் வந்தார்கள், ராஷ்டிரகூடர் வந்தார்கள். மலையமான் நாடு என்ற பெயர் மட்டும் போகவில்லை.

ராஷ்டிரகூடரைச் சொன்னதால் கிராமம் என்ற பெயருடைய கிராமத்தையும் சொல்லிவிடுகிறேன். திருக்கோவிலூரிலிருந்து ஆற்றோடு கிழக்கே வந்தால் திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் இருக்கிறது. முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் வடக்கிலிருந்து வரும் படையெடுப்பை எதிர்பார்த்து யானை, குதிரைப் படைகளோடு இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் காத்திருந்தான். அவனுடைய கேரளத்துப் படைத்தலைவன் வெள்ளங்குமரன் 943இல் கிராமத்தில் பெண்ணைக் கரையில் சிவனுக்குக் கற்றளி எடுத்தான். ஆறு ஆண்டுகள் கழித்துத் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானைமேலிருந்தபடியே மாண்டான். அந்தப் படைமுகாம் எங்கே என்று கேட்டால் காட்ட எதுவும் இல்லை, கோயில் இருக்கிறது. திருவெண்ணெய்நல்லூரோ தனிக் கட்டுரைக்குரிய ஊர். சுந்தரரை இறைவன் ஓலை காட்டி ஆட்கொண்டது, சடையப்ப வள்ளல் கம்பரைப் போற்றியது, மெய்கண்டார் சிவஞானபோதம் தந்தது எல்லாம் அங்கே. இன்னொரு வாரம் விரிவாகப் பார்ப்போம்.

இன்னும் இரண்டு இடங்கள். வடகரையில் மணம்பூண்டியில் உத்தராதி மடத்து ரகூத்தம தீர்த்தரின் பிருந்தாவனம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்தது. கர்நாடகத்திலிருந்து மாத்வர்கள் இன்றும் வருகிறார்கள். திருவண்ணாமலைச் சாலையில் ஞானானந்த தபோவனம். 1955இல் பிரெஞ்சுத் துறவி ஆன்றி லெ சோ இங்கே ஞானானந்தரைச் சந்தித்தார். அபிஷிக்தானந்தர் என்ற பெயரில் அவர் பின்னர் எழுதியவை ஐரோப்பாவில் பலரை இந்தப் பக்கம் திருப்பின. சைவம், வைணவம், மாத்வம், அத்வைதம், கிறிஸ்தவத் துறவு எல்லாம் ஒரே ஆற்றின் நாலைந்து மைலுக்குள்.

அந்தப் பையனின் கதைக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கீழூர் வீரட்டேஸ்வரர் கோயிலில் இரவுப் பூசை முடிந்த பிறகு அங்கிருந்த மேளக்காரர் தன் பங்குச் சோற்றை அவனுக்குக் கொடுத்தார். தண்ணீருக்காக நின்றிருந்தபோது மயங்கி விழுந்தான்; சோறு சிந்தியது. எழுந்து சிந்தியதைத் திரட்டிச் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்தான். மறுநாள் ஆகஸ்ட் 31, கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் அந்த வீட்டு அம்மாள் வயிறாரச் சோறு போட்டார். இருபது ரூபாய் பெறும் தன் கடுக்கனை நான்கு ரூபாய்க்குப் பாகவதரிடம் அடகு வைத்தான். ரசீதைக் கிழித்துப் போட்டான். மீட்கும் எண்ணம் இல்லை. அன்றிரவு ரயில் நிலையத்தில் படுத்து, செப்டம்பர் 1 காலை வண்டியில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். ஓட்டல்காரர், மேளக்காரர், அந்த அம்மாள் என்று விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் வரை கொடுத்தவர்கள் கைதான் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. காரியின் நாட்டில் அது இயல்பு என்றே நினைக்கத் தோன்றுகிறது.

நீங்கள் போவதானால் தை, மாசியில் போங்கள். திண்டிவனத்திலிருந்து காலையில் கிளம்பினால் விழுப்புரம் மாறி மதியத்துக்குள் அரகண்டநல்லூர். மாலையில் பாறைக் கோயில். இரவு திருக்கோவிலூரில் தங்கி, விடியற்காலையில் வீரட்டானமும் கபிலர் குன்றும். கல்வெட்டு மங்கலாகத் தெரியும், காலை வெயில் சாய்ந்து விழும்போது எழுத்து எழும்பி நிற்கும். பிறகு உலகளந்த பெருமாள். இரண்டாம் நாள் ஜம்பை. அங்கே உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு எப்போதும் நீரோடு இருக்காது. கர்நாடகத்து நந்தி மலைப் பகுதியில் பிறந்து கடலூரில் கடலைச் சேரும் பெண்ணை ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். ஆனால் அதன் மறுமுகத்தை 2024 டிசம்பர் தொடக்கத்தில் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிடப்பட்டது. திருக்கோவிலூர், அரகண்டநல்லூர், திருவெண்ணெய்நல்லூர் என்று இரு கரை ஊர்களிலும் வெள்ளம் புகுந்தது. வீடும் பயிரும் இழந்தவர்களின் துயரம் பெரிது. அந்த வெள்ளத்தின் நடுவே கபிலர் குன்று நின்றது.

வெள்ளத்தைத் தாங்கும் கல்லுக்கு ஆபத்து மனிதக் கையால்தான். குகைப் பாறையில் பெயர் கீறுவது, கல்வெட்டுச் சுவரில் சுண்ணாம்பு அடிப்பது, திருப்பணி என்று சொல்லி எழுத்துள்ள கல்லைப் பிரித்துப் போடுவது, மணலுக்காக ஆற்றுப் படுகை தாழ்ந்துபோகும்படி தோண்டுவது. ஹூல்ட்ஷ் பிறந்த டிரெஸ்டன் 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் எரிந்தது. இடிந்துபோன ஃப்ராவன் தேவாலயத்தின் கருகிய கற்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, அவற்றையும் சேர்த்து அந்த மக்கள் கட்டி முடித்து 2005இல் திறந்தார்கள். நம் கற்கள் எரியவில்லை, இடியவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஜம்பைக் குகைக்கும் கபிலர் குன்றுக்கும் படிக்கத் தெரிந்த ஒரு காவலர், கல்வெட்டின் செய்தியை எளிய தமிழில் சொல்லும் ஒரு பலகை, இரு கரையையும் இணைத்து நடத்திக் காட்ட ஒரு வழிகாட்டி. விழுப்புரம், கள்ளக்குறிச்சி இரண்டு மாவட்ட நிர்வாகமும் தொல்லியல் துறையும் சேர்ந்தால் ஓராண்டில் செய்துவிடக்கூடிய வேலை இது. பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். இந்தத் தை மாதமே உங்கள் மாணவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். போய்வந்து அவர்கள் எழுதுவதை எங்களுக்கும் அனுப்புங்கள்.